இடப்பக்க இருக்கை

காற்று மறுபடியும் ஒரு ஆரஞ்சு பிளாஸ்டிக் கோனைத் தள்ளிவிட்டது என்று பெனடிக்ட் மைக்கில் சொன்னதும் ஞானசேகரன் தலையைத் திருப்பித் தேடினார். எந்தக் கோன், எந்தப் பக்கம், தெரியவில்லை. இப்போதெல்லாம் தலையை இடமிருந்து வலமாக, மேசையைத் துடைக்கிற மாதிரி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால்தான் ஒரு பொருள் கண்ணில் அகப்படும். அகப்பட்டதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் அசந்தால் போய்விடும். ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து, தடுக்க ஒன்றுமில்லாமல் ஓடிவந்து, நவக்கரைப் பக்கத்தில் இந்தக் கல்லூரிக்குப் பின்னால் கிடக்கிற தார் மைதானத்தில் விழுகிற காற்று. ஆடியில் வேண்டாம் என்று வருஷா வருஷம் அவர்தான் கூட்டத்தில் சொல்லுவார்; வருஷா வருஷம் கல்லூரிக்காரர்கள் ஆடியில்தான் மைதானத்தைக் கொடுப்பார்கள். பழைய சைக்கிள் டியூப்பில் மணலை அடைத்து, வளையமாகக் கட்டி, கோனின் தலைவழியாக அடியில் இறக்கிவிட்டால் நிற்கும் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். நிற்கத்தான் செய்தது, இந்த வருஷம்தான் காற்றுக்கு வெறி. பெனடிக்டும் அவரும் இன்னும் நாலைந்து பேரும் சேர்ந்து ஆரம்பித்த கார் கிளப் இது. எல்லோரும் பம்பு கம்பெனி, பவுண்டரி, லேத் பட்டறை ஆட்கள். பெரிய ரேஸ் டிராக்குக்குப் போக வக்கில்லை, ஆனால் வண்டி ஓட்டுகிற பித்து மட்டும் குறைவில்லாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் காரையே எடுத்துவந்து, கோன்களை வைத்து வழி போட்டு, ஒரு நேரத்துக்கு ஒரே வண்டியாக, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடுகிற ஆட்டோகிராஸ். இடித்த கோனுக்கு இரண்டு நொடி அபராதம். யாரும் யாரையும் முந்த வேண்டாம், யாரும் யாரையும் இடிக்க முடியாது. இதைவிடப் பத்திரமான விளையாட்டு உலகத்தில் இல்லை என்று புதிதாக வருகிறவர்களின் வீட்டாரிடம் அவர் சொல்லியிருக்கிறார், எத்தனை தடவை, அதே குரலில், அதே சிரிப்போடு.

இன்று புதியவர்களுக்கான நாள். புதியவர் ஓட்டுவார், இடப்பக்க இருக்கையில் கிளப்பின் பயிற்சியாளர் உட்கார்ந்து வழி சொல்லுவார். ஸ்டார்ட் கோட்டை நோக்கி வரிசை ஊர்ந்துகொண்டிருந்தது. ஞானசேகரனின் கண்ணுக்குள் முன்னால் நிற்கும் வெள்ளைக் காரின் டிக்கி, அதன் நம்பர் பிளேட்டில் பாதி, தங்கள் வண்டியின் வைப்பர் நுனி, அவ்வளவுதான் இருந்தது. ஓட்டுகிறவளைப் பார்க்க வேண்டுமானால் முழுசாகத் திரும்ப வேண்டும். திரும்பினால் அவள் என்ன என்று கேட்பாள். அதனால் திரும்பாமல், அவள் மோதிர விரல் ஸ்டியரிங்கில் டக் டக் என்று தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளப் ஹெல்மெட் கொஞ்சம் பெரிசு, கொண்டையை அவிழ்த்துப் பின்னிப் போட்டுத்தான் மாட்ட முடிந்தது, வளையலையெல்லாம் கழற்றி டேஷ்போர்டுக்குள் போட்டிருந்தாள், சின்ன மேடு ஏறினாலும் அது உள்ளே கலகலத்தது. சுகந்தி, அவர் மனைவி, ஐம்பதை நெருங்குகிறவள், கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கிளப்புக்குச் சோறு கட்டிக்கொடுத்தவள், ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. போன மாசம் ஒரு நாள் தோசைக் கல்லில் மாவை இழுத்துக்கொண்டே, "ஏனுங்க, புதுசா ஓட்டறவங்களுக்கு நாள் வைக்கறீங்கல்ல, அதுல என் பேரையும் சேர்த்துக்கோங்க" என்றாள். லைசென்ஸ் வேண்டுமே அம்மிணி என்று சிரித்தார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "வாங்கிட்டனுங்க" என்றாள். காலையில் நடக்கப் போகிறேன் என்று போனதெல்லாம் குனியமுத்தூர் டிரைவிங் ஸ்கூலுக்காம். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி சொல்லிக்கொடுத்த மனுஷன் வீட்டில் இருக்கும்போது குனியமுத்தூர். கோபம் என்று சொல்ல முடியாது. தன்னிடம் மறைக்கிற அளவுக்கு இவளிடம் ஒரு விஷயம் இருந்திருக்கிறதே என்ற திகைப்பு, அதற்கு அடியில், தானும் அவளிடம் மறைத்து வைத்திருப்பதன் நினைப்பு, உடனே தண்ணீர் குடித்தார்.

ஏன் ஓட்ட வேண்டும் இவளுக்கு. காரில் ஏறினால் தூங்குகிறவள். கல்யாணமான புதிதில் ஊட்டியிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மற்ற பெண்டாட்டிகள் கதவைப் பிடித்துக்கொண்டு மாரியாத்தா என்பார்கள், இவள் கழுத்தைச் சாய்த்து வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேட்டுப்பாளையம் வந்ததும் கண்ணை விழித்து, வந்துட்டமா என்று கேட்டாள், ஏதோ அடுத்த அறைக்குப் போய் வந்த மாதிரி. அவருக்குக் கோப்பைகள் உண்டு, வீட்டில் ஷோகேஸில் வரிசையாக இருக்கின்றன, துடைக்க ஆளில்லாமல் கறுத்துக் கிடக்கின்றன. அதையெல்லாம்விட அந்தத் தூக்கம் பெரிசு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். பிரேக்கை அவள் தலை ஆடாமல் மிதிக்க வேண்டும், வளைவில் அவள் தோள் கதவில் இடிக்காமல் திருப்ப வேண்டும், அதற்காகவே ஓட்டுகிற விதம் மாறியது, அந்த விதத்தைத்தான் பிற்பாடு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். மிருதுவாக ஓட்டுங்கள், மிருதுவாக ஓட்டுகிறவன்தான் வேகமாக ஓட்டுவான். போன தைக்குப் பிறகு அவள் காரில் தூங்குவதில்லை. இப்போதுதான் அது மனசில் பட்டது. தைக்குப் பிறகு எங்கே போனோம், ஒரு கல்யாணம், ஒரு எழவு, பொள்ளாச்சியில் அவள் தம்பி வீடு. அவள் விழித்துத்தான் உட்கார்ந்திருந்தாள். வயசானால் தூக்கம் குறையும் என்று நினைத்திருந்தார். அதற்கப்புறம் அவரே ஓட்டுவதை விட்டுவிட்டார். கிளட்ச் சரியில்லை, பஸ்ஸே வசதி, கம்பெனி வாசலிலேயே நிற்கிறது என்று. கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டு அறை. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொத்தான். நடுவில் இருக்கும் புள்ளியையே பாருங்க சார், சுத்தி எங்க வெளிச்சம் வந்தாலும் அமுத்துங்க என்றாள் அங்கே இருந்த பெண். அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன உற்சாகம்கூட இருந்தது. ஸ்டார்ட் கோட்டில் கொடி இறங்கக் காத்திருந்து பழகிய விரல், எவனைவிடவும் வேகமாக அமுத்தும். விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெளிச்சம் வரவில்லை. இன்னும் காத்திருந்தார். எங்கோ ஒரு ஃபேன் சுற்றுகிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம். மெஷினை ஆன் பண்ணலீங்களா என்று கேட்டார். "ஓடிட்டுத்தான் இருக்குதுங்க சார்" என்றாள் அந்தப் பெண், ரொம்ப மெதுவாக. அந்த மெதுவில்தான் அவருக்கு எல்லாம் தெரிந்துபோனது. அப்புறம் டாக்டரம்மா சொன்னதெல்லாம் அதற்கு உரை மாதிரிதான். விழித்திரை ஓரத்திலிருந்து உள்ளே தேய்ந்துகொண்டு வருகிறது. பிறவியிலேயே இருந்திருக்கும், இப்போது வேகம் பிடித்திருக்கிறது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும். குழாய் சின்னதாகிக்கொண்டே போகலாம். வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். கேட்டபிறகு என்ன மடத்தனமான கேள்வி என்று தோன்றியது. டாக்டரம்மா பேனா மூடியைத் திருகி மூடினார். வெளியே வந்து ஒரு டீ குடித்தார். கிளாஸை வைக்கப் போய் மேசைக்கு வெளியே வைத்தார். உடைந்ததற்குக் கடைக்காரர் பரவால்லீங்க என்றார். அந்தப் பரவால்லீங்க இன்னும் காதில் இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது வீட்டுக்குள் வந்துவிடும், சமையலறையில் நிற்கும், சாப்பிடும்போது எதிரில் உட்காரும். ஹைதராபாத்தில் வேலை பார்க்கும் மகள் அழுதுகொண்டு கிளம்பி வருவாள். சுகந்தி அழமாட்டாள், அதுதான் இன்னும் கஷ்டம்.

வெள்ளைக் கார் முன்னால் நகர்ந்து கோட்டில் போய் நின்றது. சுகந்தி கிளட்சை விட்டு, பிடித்து, அதன் பின்னால் வண்டியைக் கொண்டுபோனாள். மிருதுவாகத்தான் கொண்டுபோனாள். குனியமுத்தூர்க்காரன் பரவாயில்லை. பெனடிக்டிடம் இன்று காலையில் சொல்லிவிடுவதென்றுதான் வந்தார். மைக் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார், வாயைத் திறந்தார், அந்த நேரம் பார்த்து பெனடிக்ட் பயிற்சியாளர் பட்டையை எடுத்து அவர் கையில் தானே கட்டிவிட்டு, "வீட்டம்மாவுக்கு நீங்களே உக்காருங்க சேகர், வேற யார் உக்காந்தாலும் நல்லாருக்காது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சொல்லியிருக்க வேண்டும். துரைசாமியண்ணனுக்காகவாவது. துரைசாமி தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா இருக்க முடியாமல் மார்ஷலாக வருகிறார், விழுந்த கோனை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்கிற வேலை. போன தடவை ஒரு பல் டாக்டர் ஓட்டினார், நல்ல பெண், பயந்த சுபாவம். பாதி வழியில் திடீரென்று பிரேக் போட்டார், வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஏன் என்று தலையைத் திருப்பித் தேடினால், பானட்டுக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஆரஞ்சுச் சட்டையோடு துரைசாமி. கையில் கோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்தக் கோனும் ஆரஞ்சு, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார். ஒன்றும் ஆகவில்லை. "சார், நீங்க பாத்தீங்கதானே" என்று கேட்டார் பல் டாக்டர். "பாத்தேன்" என்றார் ஞானசேகரன். பார்க்கவில்லை. அவர் இருந்த பக்கம்தான், அவர் கண்ணுக்குத்தான் அந்தப் பக்கம் பொறுப்பு, அந்த இருக்கையே அதற்காகத்தான். அங்கே மனுஷன் இல்லை, வெறும் தார், வெறும் வெயில், அப்புறம் திடீரென்று ஒரு துரைசாமி. பாத்தேன். படுக்கையில் புரளும்போது பாத்தேன், பல் தேய்க்கும்போது பாத்தேன். அந்தப் பெண் மட்டும் பிரேக் போடாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிக்கும், அதற்குமேல் மனம் போகாது, அந்த இடத்தில் முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், திரும்ப வெறும் தார், திரும்பப் பிரேக், திரும்பத் துரைசாமியின் சிரிப்பு. இன்றைக்கு ஓட்டப்போவது சுகந்தி. இறங்கிவிடலாம். இப்போதே கதவைத் திறந்து, வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம். கை கதவுப்பக்கம் போனது. வெள்ளைக் கார் கிளம்பிப் போய், அதன் சத்தம் தூரத்தில் வளைந்து, தேய்ந்து, நின்றது. கொடி வைத்திருந்தவர் கையசைத்துக் கூப்பிட்டார். "போலாங்களா" என்றாள் சுகந்தி. "போ" என்றார்.

முதல் கியரில் வண்டி துள்ளிக் கிளம்பியது, வளையல்கள் டேஷ்போர்டுக்குள் சிதறின. நேரே. நேரே. இப்போது வலப்பக்கம் வளைவு என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் திருப்பிவிட்டாள். அவருக்கு வழி மனப்பாடம், போட்டவரே அவர்தான், விடியற்காலையில் பெனடிக்டோடு நடந்து நடந்து கோன் வைத்தது. அதனால் கண்ணே தேவையில்லை, டயர் முனகுவதை வைத்து, முதுகில் இருக்கை அழுத்துவதை வைத்து எந்த இடம் என்று சொல்லிவிடலாம். கோனைப் பார்க்காதே, கோனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வழியைப் பார், கண் போன இடத்துக்குத்தான் கை போகும் என்று சொல்ல நினைத்தார், கண் என்ற சொல் வந்ததும் விட்டுவிட்டார். வரிசைக் கோன்கள் வந்தன, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, பாம்பு மாதிரி நெளிய வேண்டும். அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகிறது, ஆனாலும் இடிக்கவில்லை. அப்போதுதான் அவள் பேசிக்கொண்டே ஓட்டுகிறாள் என்பது காதில் ஏறியது. முதலில் பயத்தில் முணுமுணுக்கிறாள் என்று நினைத்தார், புதியவர்கள் செய்வதுதான், சிலர் சாமி பேர் சொல்வார்கள், ஒருத்தர் வாய்ப்பாடு சொன்னார். இவள் சாமி பேர் சொல்லவில்லை. "இக்கட்டால கோன் ஒண்ணு சாஞ்சிருக்குது, தொடமாட்டேன். உங்க பக்கம் கயித்துக்கு அக்கட்டால நாலு பேர் நிக்கறாங்க. துரைசாமியண்ணன் உங்களுக்கு எடப்பக்கம், தள்ளித்தான் நிக்கறாரு, வரல. இப்பக் காத்துல ஒரு பேப்பர் பறந்து வருது, உங்க பக்கத்துல இருந்து, பேப்பர்தான்." அவள் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. ரசத்துக்கு என்னென்ன போட்டேன் என்று சொல்கிற குரல். பேப்பர் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டு, படபடத்து, மேலே ஏறிப் போனது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அது எங்கிருந்தோ வந்து முகத்தில் அறைந்திருக்கும். உங்களுக்கு எடப்பக்கம். உங்க பக்கத்துல இருந்து.

கடைசி வளைவைச் சுற்றி, நிறுத்த வேண்டிய கட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் பெனடிக்ட் என்னவோ நேரம் சொன்னான், கோன் எதுவும் விழவில்லை என்றான், வேடிக்கை பார்க்கிறவர்கள் நிற்கிற கயிற்றுப் பக்கம் கைதட்டினார்கள். ஞானசேகரன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் இருந்த முக்காலி எப்போது அங்கிருந்து போனது. குளியலறை விளக்கு ராத்திரி முழுக்க ஏன் எரிகிறது என்று அவர் கேட்டபோது ஸ்விட்ச் ரிப்பேர் என்றாளே. கடைவீதியில் நடக்கும்போது அவள் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டு நடக்கிறாள், எப்போதிருந்து. குழம்பு இங்க வச்சிருக்கறனுங்க, தண்ணி இங்க வச்சிருக்கறனுங்க, யாருக்குச் சொல்கிறாள், ஏன் சொல்கிறாள், ஒரு நாளாவது யோசித்தாயா. காலையில் நடக்கப் போகிறேன் என்று குனியமுத்தூர் போனாளே, பனியில், முழங்கால் வலியோடு. வண்டி ஓட்ட ஆசை வந்தா போனாள். அடுத்த வண்டி வர வேண்டும், ஓரமாக எடு என்று சொன்னார். அவள் எடுத்தாள். வேப்ப மரத்தடியில் போய் நின்று என்ஜினை அணைத்தாள், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "எப்பத் தெரியும் உனக்கு" என்று கேட்டார். "தம்பி மச்சினன் கல்யாணத்துல, பந்தியில. உங்க எலையில எடப்பக்கம் ஜாங்கிரி வச்சுட்டுப் போறாங்க. நீங்க பாக்கறீங்க, பாத்துட்டு, எனக்கு இனிப்பு வைக்காமப் போறாங்க பாருன்னு எங்கிட்டச் சொல்றீங்க. நான் என் எலையில இருந்து எடுத்து உங்க கைக்கு நேரா வச்சேன். அன்னைக்கு ராத்திரி வண்டியில வரயில தூங்கல. அப்புறம் தூங்கவே இல்ல." "கேட்டிருக்கலாமல்ல." "நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. எத்தனை நாள் சாப்பாட்டுல உக்காந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுனீங்க. சரி, சொல்ல முடியல போல, இருக்கட்டும், அதுக்குள்ள நாம ஓட்டக் கத்துக்கலாம்னு தோணுச்சு." அவள் சேலைத் தலைப்பை இழுத்துத் தன் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே அதை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். "எவ்வளவு தூரம் போயிருக்குது" என்றாள். "பாதிக்கு மேல. உன்னைப் பாக்கோணும்னா இப்படித் திரும்போணும்." திரும்பினார். அவள் முகம் முழுசாக வரவில்லை, நெற்றியும் ஒரு கண்ணும் மூக்குத்தியும் வந்தன. "இதோட நின்னுருமா?" "தெரியாதுன்னாங்க." "ம்" என்றாள். அழவில்லை. அழமாட்டாள் என்று அவருக்குத் தெரியும், ஆனால் ஹெல்மெட்டின் வாரை அவள் விரல் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தது. "சொல்லிட்டு வாங்க. அந்தப் பெனடிக்டு அண்ணங்கிட்டச் சொல்லீட்டு வந்துருங்க. துரைசாமியண்ணன் வண்டிக்கு முன்னால ஓடறவரு, அவரு வூட்ல எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்க."

மேசை வரைக்கும் தனியாகவே நடந்தார். தரையைப் பார்த்து நடந்தால் எதிரில் வருகிறவர் தெரியாது, எதிரில் பார்த்து நடந்தால் தரையில் கிடக்கிற கயிறு தெரியாது, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். கயிற்றை வைத்துக்கொண்டார். யாரோ தோளில் இடித்துவிட்டு, பாத்து வாங்க சேகர் சார் என்றார்கள். பெனடிக்டிடம் மைக்கை அணைக்கச் சொன்னார். அணைத்த பிறகு எல்லாவற்றையும் சொன்னார், ஆஸ்பத்திரியை, பல் டாக்டரை, பாத்தேன் என்று சொன்னதை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, போட்டி விதிகளைப் படிக்கிற மாதிரி. சொல்லும்போது ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு சின்னதா இது, இதற்கா இத்தனை மாசம். பெனடிக்ட் சின்ன வயசிலிருந்தே மைக் இருந்தால்தான் பேசுவான். கையை நீட்டி அவர் கையில் இருந்த பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தான். காலையில் அவனே போட்ட முடிச்சு, இறுகிப் போயிருந்தது, நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்து இழுத்தான். குனிந்த தலையில் நரை, வழுக்கை, வியர்வை. "ஏனுங் சேகர், இதை ஏனுங் எங்கிட்டச் சொல்லல" என்றான் பட்டைக்குள்ளேயே. அவன் குரல் உடைந்திருந்தது. ஞானசேகரனுக்கு அவனைத் தேற்ற வேண்டும்போல் இருந்தது. அவிழ்த்த பட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் பெனடிக்ட் அதைச் சட்டைப் பையில் திணித்தான், பாதி வெளியே தொங்கியது. "ரெண்டாவது ஓட்டத்துக்கு வீட்டம்மாவோட யாரை உக்கார வைக்கறது" என்று கேட்டான். "யாரும் வேண்டாம். அவ தனியாவே ஓட்டுவா" என்றார். பட்டை அவிழ்ந்த இடத்தில் கை வெளுத்து, காற்றுப் பட்டு, சில்லென்று இருந்தது.

கயிற்றுப் பக்கம் போய் நின்றார். கயிறு கையில் அகப்பட்டதும் அதை விடவில்லை. சுகந்தியின் வண்டி கோட்டுக்கு வந்தது. சிவப்பாக, சின்னதாக, அவர் கண்ணின் வட்டத்துக்குள் சரியாக வந்து நின்றது, இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது. இவ்வளவு வருஷத்தில் தன் வண்டியை வெளியில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது, அப்படி இருக்காது, கழுவும்போது பார்த்திருப்பார், ஆனாலும். கொடி இறங்கியது. வண்டி கிளம்பியது, வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது, போய்விட்டது. பழக்கத்தில் தலை அதன் பின்னால் போகப் பார்த்தது. தேடினால் கோன் வரும், மனுஷர் வருவார்கள், மதுக்கரை மலையில் ஒரு துண்டு வரும், அவள் வரமாட்டாள், அவள் அதற்குள் வேறெங்கோ இருப்பாள். தேட வேண்டாம் என்று நின்றார். காதை மட்டும் கொடுத்தார். காற்று பாதிச் சத்தத்தைத் தின்றுவிட்டது, மீதிதான் வந்தது. இரண்டாவது கியர் கொஞ்சம் முந்திப் போட்டுவிட்டாள். டயர் முனகியது. ஒரு நீளமான ஒன்றுமில்லாத இடம் வந்தது, அதில் அவர் நெஞ்சு துரைசாமி துரைசாமி என்று அடித்துக்கொண்டது. பிறகு எங்கோ தூரத்தில் என்ஜின் மறுபடி எழுந்து வந்தது. டக் என்று ஒரு சத்தம், கோன். இன்னொன்று. பக்கத்தில் யாரோ த்ச்சு என்றார்கள். அதன்பிறகு வளைவு, கடைசி நேர்க்கோடு, பிரேக். நின்றது. கைதட்டினார்கள், போன தடவையைவிடக் குறைவாக. அவர் கயிற்றை விட்டுவிட்டுக் கைதட்டினார், தட்டிவிட்டு அவசரமாகக் கயிற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

அவள் எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. முதலில், மறுபடி மாட்டிக்கொண்ட வளையல்களின் சத்தம் வந்தது, அப்புறம் வேர்த்த கை அவர் முழங்கையைப் பிடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "எப்படிங்க இருந்துச்சு" என்று கேட்டாள். ஓட்டி முடித்து வருகிற புதியவர்கள் அத்தனை பேரும் கேட்கிற கேள்விதான். அதற்கு அவரிடம் பதில்கள் உண்டு, நல்லா இருந்துச்சு, கையைக் கொஞ்சம் தளர்த்தோணும், அடுத்த தடவை இன்னும் நல்லா வரும். வாயில் அதுதான் வந்தது. பாதியில் நிறுத்தினார். "நான் பாக்கலை அம்மிணி" என்றார். காற்று அவள் பின்னலைத் தூக்கி அவர் தோளில் போட்டது, அவள் அதை எடுத்துவிடவில்லை. மைக்கில் யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள். "சரி வாங்க, அந்த மரத்தடியில உக்காருவோம்" என்றாள், "முன்னால ஒரு கயிறு கெடக்குது, காலைத் தூக்கி வைங்க. நான் மொதல்ல இருந்து சொல்றேன்." அவர் காலைத் தூக்கி வைத்தார். "கொடி எறங்குச்சுங்களா," என்று ஆரம்பித்தாள், "கிளட்சை விட்டனுங்களா, எடப்பக்கம் பாத்தேன், நீங்க இல்ல."